இலவசத் துப்பாக்கிப் பூட்டு மேசை: கொடுப்பதை வாங்கலாம், பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும்

அமெரிக்காவில் ஊர்ச் சந்தை, நூலகம், சர்ச் மண்டபம், குழந்தைகள் மருத்துவமனை வாசல் என்று எங்காவது ஒரு மடக்கு மேசை போட்டுத் துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளூர் அமைப்புகளும் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்துவது இது. பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம். கொடுப்பது பெரும்பாலும் கேபிள் பூட்டு. துப்பாக்கித் தொழில் சங்கமே நடத்தும் 'ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டம் 1999 முதல் நான்கு கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறது. பூட்டில் பெரிய குறை இல்லை. அதை எடுத்துப் போடுகிறவர்கள்தான் குறைவு.

பையைப் பிரித்தால் பிளாஸ்டிக் உறை போட்ட முறுக்கு எஃகுக் கேபிள், சிறு பூட்டு, இரண்டு சாவி, ஒரு கையேடு. பூட்டியபின் துப்பாக்கியின் இயங்கு பகுதி மூடாது. அதனால் சுட முடியாது. அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்றால் குழாய் வாயை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, விசையில் (ட்ரிகரில்) விரல் படாமல், முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். அதன்பிறகே மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே விழுந்த தோட்டாவுக்குப் பதில் மேகசினிலிருந்து அடுத்தது, தோட்டா வெடிக்கும் அறையான சேம்பருக்குள் ஏறிவிடும். ‘காலி’ என்று நினைத்த துப்பாக்கி வெடிப்பதற்கு இது பழைய காரணம். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்தபின், தோட்டா உறை வெளியேறும் வாய் வழியாகக் கேபிளை நுழைத்து மேகசின் குழி வழியாகக் கீழே எடுத்துப் பூட்ட வேண்டும். சாவியை எடுத்துவிட்டுப் பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சரியாக அமராத பூட்டு அப்போதே கையோடு வந்துவிடும். ரிவால்வரில் சிலிண்டரை வெளியே தள்ளி, எல்லாத் தோட்டாக்களையும் எடுத்து, சிலிண்டர் உட்காரும் இடைவெளி வழியாகக் கேபிளை விட்டால் போதும். பழைய லீவர் ரைஃபிள், நடுவில் மடிந்து திறக்கும் ஷாட்கன் வகைகளுக்குப் பொதுவழி இல்லை. மாடலைச் சொல்லி மேசையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, கேபிளை விசைக் காப்பு வளையத்தில் மட்டும் மாட்டிவிடுவது. பார்க்கப் பூட்டியதுபோல் இருக்கும். ஆனால் தோட்டா போடலாம், சில வகைகளில் சுடவும் முடியும். இன்னொன்று, இரண்டு சாவியையும் அதே இழுப்பறையில் வைப்பது. திருடனுக்கு இந்தப் பூட்டு ஒரு பொருட்டே அல்ல, கம்பி வெட்டும் கருவி போதும். குழந்தையின் கையையும், ஒரு கணநேர ஆத்திரத்தையும் நிறுத்துவதுதான் இதன் வேலை. வீட்டில் பழைய பூட்டு கிடந்தால் அதை நம்ப வேண்டாம். ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டமே தொடக்கத்தில் கொடுத்த சுமார் 4 லட்சம் பூட்டுகள், தட்டினாலே சாவியில்லாமல் திறக்கின்றன என்று 2001-இல் திரும்பப் பெறப்பட்டன.

அலாஸ்காவின் இரண்டு கிராமங்களில் துப்பாக்கிப் பெட்டகமும், விசையின் இரு பக்கமும் கவ்வும் இரண்டு துண்டு விசைப் பூட்டும் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். 37 பெட்டகங்களில் 32 பூட்டிய நிலையில், உள்ளே துப்பாக்கியோடு இருந்தன. விசைப் பூட்டுகளில் 30-க்கு 9 மட்டுமே பயன்பாட்டில் இருந்தன. பின்னர் அதே மாநிலத்தில் நடந்த பெரிய சோதனையில், சுவரோடு பொருத்திய அலமாரி கிடைத்த வீடுகளில் ஓராண்டு கழித்துப் பூட்டாத துப்பாக்கி இருந்தது 35 சதவீதத்தில். கிடைக்காத வீடுகளில் 89 சதவீதம். எடுக்கும்போதெல்லாம் சாவி தேடி, வைக்கும்போதெல்லாம் கேபிள் நுழைக்கச் சொன்னால் இரண்டாம் வாரமே ஆள் சலித்துப்போவார். பெட்டி என்றால் வைத்தோமா, மூடியைத் தள்ளினோமா, முடிந்தது.

இந்த விசைப் பூட்டு எங்கள் தேர்வில் கடைசி. தோட்டா உள்ள துப்பாக்கியில் இதைப் போடவே கூடாது. போடும்போதே விசை அழுந்தலாம். தளர்வாக உட்கார்ந்தால் உள்ளே அசைவுக்கு இடம் கிடைக்கும்.

தற்காப்புக்கென்று கட்டில் பக்கத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரிடம் கேபிளைக் கொடுப்பது வீண்வேலை. அவருக்குத் தேவை எண் பொத்தான் வைத்த சிறு இரும்புப் பெட்டி. அதைக் கட்டில் காலோடு பிணைக்கும் கம்பியும் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் வேலையாகத் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய திறப்பு எண்ணை மாற்றுங்கள். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்ட் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 4 மாணவர்களைக் கொன்றவனுக்கு வயது 15. அவன் பெற்றோர் மீதான வழக்கில் வெளிவந்தவை இரண்டு: துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு உறை பிரிக்காமலே கிடந்தது, மற்றத் துப்பாக்கிகள் இருந்த பெட்டகத்தின் எண் 0-0-0. விரல்ரேகைப் பெட்டி வாங்குவோருக்குக் கூடுதல் எச்சரிக்கை: சில மாடல்கள், ரேகை பதிவு செய்யும்வரை யார் விரல் வைத்தாலும் திறக்கும். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் நிறுவனத்தின் சுமார் 61,000 பெட்டிகள் இந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்தபின், பதியாத ஒருவர் விரலை வைத்துச் சோதியுங்கள்.

சாவி எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்பார்கள். அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டபோது, ‘துப்பாக்கி இருக்குமிடம் பிள்ளைக்குத் தெரியாது’ என்ற பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் தெரியும் என்றார்கள். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை. ஆகவே பதின்வயதுப் பிள்ளையோ மனம் தளர்ந்த பெரியவரோ இருக்கும் வீட்டில் எண்ணும் சாவியும் ஒருவரிடம் மட்டும், தோட்டா வேறு பெட்டியில். மிக நெருக்கடியான நாட்களில் துப்பாக்கியையே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வைப்பது உத்தமம். யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

மேசைக்கு மதிப்பெண் போடுவதானால் இவற்றைப் பார்ப்போம். சுட முடியாத மாதிரித் துப்பாக்கி வைத்து, வாங்குபவரையே ஒருமுறை பூட்டித் திறக்கச் சொல்கிறார்களா? எத்தனை துப்பாக்கி, என்ன வகை என்று கேட்டுக் கொடுக்கிறார்களா? பெயர், முகவரி கேட்காமல் கொடுக்கிறார்களா? பெயர் கேட்டால் பலர் அப்படியே நழுவிவிடுவார்கள். 988 தற்கொலைத் தடுப்பு எண் அட்டை பையில் இருக்கிறதா? கூடையில் பூட்டைக் குவித்து ‘எடுத்துக்கோங்க’ என்று விட்டுவிடும் மேசைக்குப் பத்துக்கு மூன்று.

துப்பாக்கியே இல்லாத நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மேசையில் வேலை இல்லை என்று கடந்துபோகத் தோன்றும். பிள்ளைகளைத் துப்பாக்கியிலிருந்து காப்பது பற்றிய ‘பி ஸ்மார்ட்’ துண்டுப் பிரசுரத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லும் படிகளில் நமக்கு உதவுவது, பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் முன்கூட்டியே கேட்பது. தனியாக எடுத்துக் கேட்டால் சங்கடம். வேர்க்கடலை ஒத்துக்காது, நீச்சல் குளத்துக்குக் கதவு இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்கிற வரிசையில் "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று செய்தியில் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் நேராகவே பதில் வரும்.

அமைப்பு நடத்துவோருக்கு: கேபிளின் கடைவிலை சுமார் பத்து டாலர், சாதாரணப் பெட்டி அதைப்போல் சில மடங்கு. நிதி குறைவென்றால் கேபிளை ரைஃபிள், ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். இருக்கும் சில பெட்டிகளைக் கைத்துப்பாக்கியும் பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு முதலில் கொடுங்கள். கொடுத்தது எத்தனை என்று அறிக்கையில் எழுதுவதோடு, மூன்று மாதம் கழித்து எத்தனை பூட்டியிருக்கின்றன என்றும் விசாரியுங்கள்.