பாடக்குறிப்பிலிருந்து ஸ்லைட்: பவர்பொயின்ட்டா, லிப்ரே ஒபிஸா, பான்டொக்கா?

திருகோணமலையில் ஆசிரியர்களிடம் பாடக்குறிப்புக்குக் குறைவில்லை. வேர்ட்டில் ஒழுங்காகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அதை வரிவரியாக வெட்டி பவர்பொயின்ட்டில் ஒட்டுவதில்தான் பின்னேரம் முழுக்கப் போய்விடுகிறது. அந்த வேலை தேவையே இல்லை. எது தலைப்பு, எது உட்தலைப்பு என்று குறித்துக் கொடுத்தால் ஸ்லைட்டுகளை மென்பொருளே அடுக்கிவிடும்.

நம் துறைமுகம் பற்றிய ஒரு பாடக்குறிப்பை வைத்துப் பார்ப்போம். இயற்கைத் துறைமுகத்தின் அமைப்பு, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதல், கூடவே ஒரு வரைபடம்.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது பவர்பொயின்ட்டின் சொந்த வழியைத்தான். வேர்ட்டின் 'ஸ்டைல்ஸ்' பகுதியிலிருந்து 'எண்ணெய்க் குதங்கள்' என்ற வரிக்கு ஹெடிங் 1, அதன் கீழுள்ள குறிப்புகளுக்கு ஹெடிங் 2 கொடுத்து, சேமித்து, கோப்பை மூடிவிடுங்கள். பிறகு பவர்பொயின்ட்டில் 'நியூ ஸ்லைட்' பட்டியலின் அடியில் இருக்கும் 'ஸ்லைட்ஸ் ஃப்ரொம் அவுட்லைன்'. ஹெடிங் 1 ஒவ்வொன்றும் ஒரு ஸ்லைட்டின் தலைப்பாகும், ஹெடிங் 2 புள்ளியிட்ட வரியாகும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. ஹெடிங்கே இல்லாத கோப்பில் ஒவ்வொரு பந்தியும் தனி ஸ்லைட்டாக வந்து நிற்கும். ஹெடிங் உள்ள கோப்பிலோ, சாதாரணப் பந்திகள் விடுபட்டுப் போகும். வரைபடமும் வராது, அதைக் கையால்தான் சேர்க்க வேண்டும். வேர்ட் இல்லாவிட்டால் நோட்பாட் போதும்: டாப் (Tab) விசை அழுத்தாத வரி தலைப்பு, ஒரு டாப் தள்ளிய வரி புள்ளி.

லிப்ரே ஒபிஸ் இலவசம். அதில் வேர்ட் போன்ற ரைட்டரில் 'ஃபைல்', 'சென்ட்', 'அவுட்லைன் டு பிரசென்டேஷன்' என்று போனால் அதே தலைப்புகள் அதன் ஸ்லைட் மென்பொருளான இம்பிரெஸ்ஸில் திறக்கும். வடிவமைப்பு வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

பான்டொக் வேறு ரகம், ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக மாற்றும் மென்பொருள். அதுவும் இலவசம்தான், ஆனால் கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு. மார்க்டவுனில் (தலைப்பை # போன்ற குறிகளால் காட்டும் சாதாரண எழுத்துக் கோப்பு) எழுதிய குறிப்பையோ வேர்ட் கோப்பையோ கொடுத்தால், திருத்தக்கூடிய பவர்பொயின்ட் கோப்பைத் தரும். படம், அட்டவணை, பேசுபவருக்கான குறிப்பு எல்லாம் கூடவே வரும். பாடசாலைச் சின்னமும் நிறமும் உள்ள ஒரு மாதிரிக் கோப்பைக் காட்டினால் எல்லாப் பாடங்களும் அதே தோற்றத்தில் வரும். குறிப்பை ஒவ்வொரு தவணையும் திருத்துபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குறிப்பை மாற்றி, கட்டளையைத் திரும்ப ஓட்டினால் போதும். ஒரு குறை: வரிகள் கூடினால் அடுத்த ஸ்லைட்டுக்குத் தானாகப் பிரிக்காது. எழுத்து அடிவிளிம்பைத் தாண்டி வழியும்.

மார்க்டவுன் குறிப்பை ஸ்லைட்டாக்கும் இன்னொரு கருவி மார்ப். பார்க்க அழகு. ஆனால் அது சாதாரணமாகத் தரும் பவர்பொயின்ட் கோப்பில் ஒவ்வொரு ஸ்லைட்டும் ஒரு படம். உப்புவெளியில் இருக்கும் ஆசிரியைக்கு அனுப்பினால் அவரால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. பகிர்ந்து வேலை செய்யும் இடத்தில் அது சரிவராது.

இனி முக்கியமான விசயம், பாமினி. நம்மிடம் உள்ள பழைய குறிப்புகள் பல அந்த எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். பவர்பொயின்ட் வேர்ட்டின் எழுத்துருவையும் கொண்டுவருவதால் முதலில் சரியாகத் தெரியும். தோற்றத்தை ஒழுங்குபடுத்த 'ரீசெட்' அழுத்தினால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். பான்டொக் எழுத்துருவை எடுத்துவராததால் அங்கே முதலிலேயே குவியல்தான். ஆகவே எந்த வழியில் போனாலும், முதலில் குறிப்பை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ர, ற, ண, ன ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். அப்புறம் வேர்ட்டில் 'நாவிகேஷன் பேன்' திறந்து பாருங்கள். அங்கே வரிசையாகத் தெரியும் ஹெடிங் 1 தலைப்புகள்தான் உங்கள் ஸ்லைட்டுகள்.