விண்டோஸா, மின்டா, பாஸா? கொடை நோட்டீஸ் அடிக்கும் கணினிக்கு எது சரி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ புதிய பிராசஸரோ இல்லாத கணினிகள் நெல்லையில் பாளையங்கோட்டை, டவுன் டிடிபி கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நன்றாக ஓடுவதை எடைக்குப் போட யாருக்கு மனம் வரும்?

விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் லினக்ஸ்; அதன் ஒரு வகை மின்ட். வேகம், விலை இரண்டிலும் லினக்ஸ் மின்ட்தான் முந்துகிறது. நான்கு ஜிபி ராம் உள்ள பழைய பெட்டியில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும். விண்டோஸ் 11-க்கு அதே நான்கு ஜிபி குறைந்தபட்சத் தேவை. பிரவுசரில் முடிகிற வேலைகளுக்கு எது இருந்தாலும் ஒன்றுதான்.

கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, அதற்கான நோட்டீஸ் வந்தால்தான் கதை மாறுகிறது. சுடலைமாடன் கோயில் கொடை என்றால், போன வருஷக் கோப்பைத் திறந்து, தேதியையும் வில்லுப்பாட்டுக் குழுவின் பெயரையும் மாற்றி அச்சுக்கு அனுப்புவார்கள். அது பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. அந்த மென்பொருளின் 7.0 பதிப்பு வந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. எழுத்தும் இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்த பழைய எழுத்துரு. மின்டில் ஓடும் லிப்ரே ஆபீஸ் டிரா என்ற மென்பொருள் இந்தக் கோப்பைத் திறந்துவிடும், எழுத்துருவை நிறுவினால் தமிழும் தெரியும். ஆனால் வரிதாரர் பட்டியலில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துப் பாருங்கள். மின்டில் தமிழ்99 விசைப்பலகை தருவது யூனிகோடு எழுத்து. அது அந்தப் பழைய எழுத்துருவில் பொருந்தாது. முழு நோட்டீஸையும் யூனிகோடுக்கு மாற்றி, மறுபடி பக்கம் கட்ட வேண்டும். ஆடி மாத நெருக்கடியில் அதற்கு எந்தக் கடைக்காரருக்கு நேரம் இருக்கிறது? விண்டோஸைக் காப்பாற்றிவைத்திருப்பது மைக்ரோசாஃப்ட்டின் திறமையைவிட இந்தப் பழைய கோப்புகள்தான் என்பேன். கணக்குக்கு டாலி வேறு இருக்கிறது. அதுவும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது.

பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. கொடுத்தார்களே தவிர, அதில் பாடம் நடத்தவில்லை. நான் பார்த்தவற்றில் பாஸை அழித்து அந்த இடத்தில் சினிமாவை நிரப்பியவையே அதிகம். கேரள எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமும் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. பாஸ் மோசமான மென்பொருள் என்பதால் தோற்கவில்லை; கேட்க ஆளில்லாமல் தோற்றது.

டிடிபி கடைக்கு என் யோசனை இதுதான்: பழைய கோப்புகளுக்காக ஒரு விண்டோஸ் கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், புது நோட்டீஸ்களை மின்டில், யூனிகோடில், ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் கொண்டு செய்யுங்கள். பிரிண்டர் வாங்குமுன் அது லினக்ஸில் ஓடுமா என்று மட்டும் சோதியுங்கள். எச்பி நிறுவனம் லினக்ஸுக்கான இயக்கியை (டிரைவர்) தானே தருகிறது, சில பழைய லேசர் வகைகள் உயிரை எடுக்கும். படிக்கும் பிள்ளைகளின் கணினிக்கு யோசிக்கவே வேண்டாம், மின்ட் போதும். நெல்லை வண்ணார்பேட்டையில் யாராவது மின்ட் நிறுவிய கணினியை விற்று, ஒரு வருஷம் சர்வீஸும் பார்ப்பதாகச் சொன்னால், எனக்குத் தெரிந்த நாலு பேரை அங்கேதான் அனுப்புவேன்.