யூரின் கல்ச்சருக்காகப் புதுச்சேரி வரை போனேன்: ஒரு லேப்பைப் பற்றி

கல்ச்சருக்கு, அதாவது யூரினில் என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்ப்பதற்கு, கடலூரிலிருந்து நான் கொண்டுபோன யூரின் பாட்டிலை "இதை வாங்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்த லேப் இது. அதற்காகவே நாலு பேருக்குத் தெரியும்படி எழுத வேண்டும் என்று நினைத்தேன். பெயர் போட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், அதனால் போடவில்லை. முதலியார்பேட்டைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, முதல் மாடி.

விஷயம் என்னவென்றால், அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஒன்பது நாள் இருந்தோம். யூரின் டியூபை எடுக்காமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு வாரம் கழித்து எடுக்கலாம் என்று. வந்த மூன்றாம் நாள் குளிரும் காய்ச்சலுமாக ஆரம்பித்தது, இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஒரு மாத்திரை பெயரைச் சொன்னார்கள், அதற்குக் காய்ச்சல் கேட்காததால் மெடிக்கலில் நானே போய் செஃபிக்ஸிம் வாங்கிவந்து கொடுத்தேன், சீட்டு யாரும் கேட்கவில்லை. இந்த மருந்தெல்லாம் அரசின் மருந்து விதிகளில் ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, 2014 மார்ச்சிலிருந்து சீட்டுக்கு விற்றாலும் நோட்டில் பெயரோடு எழுதிவைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் செய்தது தப்பு. இரண்டு மருந்து போயும் காய்ச்சல் இறங்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இனிமேல் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க வேண்டாம், கல்ச்சர் பாருங்கள்" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு ஒட்டிக்கொள்வதை ஆஸ்பத்திரித் தொற்று என்று கணக்கு வைக்கிறார்களாம். அங்கே இருக்கிற கிருமி பல மருந்தைப் பார்த்துப் பழகியது, வெளியில் வருகிற சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன் மாதிரி நினைக்கக் கூடாது என்றார். இந்த லேப்பையும் அவர்தான் சொன்னார்.

அடியில் தொங்கும் பையிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று போய், அரியாங்குப்பம் பாலத்தில் வழக்கம்போல் நின்று, லேப்புக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் பணத்தை வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்விகள்: "அண்ணா, இது பையிலிருந்து பிடித்ததா, டியூபிலிருந்தா? எத்தனை மணிக்கு? அம்மாவுக்கு இப்போது என்ன ஆன்டிபயாட்டிக் போகிறது, கடைசி வேளை எப்போது?" பதில் சொன்னதும் பாட்டிலைத் தொடவே இல்லை. பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் யூரினில் கிருமி தானாகப் பெருகிவிடும், அதை வளர்த்தால் பையில் இருப்பதுதான் தெரியும், அம்மா உடம்பில் இருப்பது தெரியாது, அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் மருந்து மாற்றினால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார். 900 ரூபாய் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு ரிப்போர்ட் அடித்துக் கொடுத்திருக்கலாம், எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

ஸ்டெரைல் டப்பா ஒன்றும் ஐஸ் ஜெல் வைத்த சின்னப் பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள், பெட்டிக்குத் தனியாகப் பணம் இல்லை, திருப்பிக் கொடுத்தால் போதும். மறுநாள் வீட்டுக்கு வந்த நர்ஸ், டியூபைக் கீழே கொஞ்ச நேரம் கிளிப் போட்டு அடைத்துவைத்து, சாம்பிள் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, புது சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். ஒன்று மட்டும் கவனம், ஐஸ் பெட்டி யூரினுக்குத்தான். பிளட் கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று அங்கே சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கொடுத்தேன். அன்று சாயந்திரமே லேப் டாக்டர் எங்கள் டாக்டரம்மாவுக்கு நேரடியாகப் போன் போட்டு, மைக்ராஸ்கோப்பில் சீழ் செல் நிறைய, கிராம் நெகட்டிவ் என்ற வகையில் குச்சி வடிவக் கிருமி தெரிகிறது என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை தட்டில் வழவழவென்று ரோஸ் நிறத்தில் வளர்ந்திருந்தது, க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமி. ஒரு மில்லி யூரினில் ஒரு லட்சத்துக்கு மேல். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் என்றால் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கிருமி வளர ஒரு நாள், அதை மருந்தோடு சேர்த்து வளர்க்க இன்னொரு நாள், இந்த முறையில் அவசரப்படுத்த முடியாது.

ரிப்போர்ட் வாங்கப் போனபோது அந்தத் தட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மறுக்கவில்லை, மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். வைக்கோல் நிறத்தில் ஒரு ஜெல்லி, அதன் மேல் பாலாடை படிந்த மாதிரி கிருமி. ஆங்காங்கே ஸ்டிக்கர் பொட்டு அளவில் வெள்ளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைத் தொட்டுக்கொண்டே கிருமி வளர்ந்திருக்கிறது, ஒரு இம்மி இடைவெளி இல்லை. செஃப்ட்ரியாக்சோனும் அப்படியே. அமிகாசினைச் சுற்றி மட்டும் சுத்தமாக ஒரு வட்டம், ஸ்கேல் வைத்துக் காட்டினார்கள், 21 மில்லிமீட்டர். இரண்டு மருந்து போயும் அம்மா ஏன் ராத்திரி முழுக்க நடுங்கினார் என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொரு தட்டில் செஃப்டாசிடைம் வில்லை ஒன்று, அதே மருந்தோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லை ஒன்று. சேர்த்ததைச் சுற்றி 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் பெரிதாக இருந்தால், மருந்தை உடைத்துப்போடும் ஒரு என்சைமை அந்தக் கிருமி வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஈஎஸ்பிஎல் என்று ரிப்போர்ட்டில் வருவது அதுதான். நான் வாங்கிக் கொடுத்த செஃபிக்ஸிமும் அது உடைக்கிற வகையறாதான்.

ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கும் எஸ், அமிகாசினுக்கும் எஸ். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. மெரோபெனம் வட்டம் பெரிதாக இருந்ததால் அதுதான் நல்ல மருந்து என்று நான் முடிவே கட்டிவிட்டேன். லேப் டாக்டர் திருத்தினார்: ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொரு மருந்தின் வட்டத்தோடு ஒப்பிடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. டாக்டரம்மா கிட்னி எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின் பார்த்துவிட்டு அமிகாசின் ஊசி போட்டார், மெரோபெனத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்றார். பழைய டியூபையும் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, அம்மா ரசம் சாதம் கேட்டார்.

அந்த மெரோபெனமும் கேட்காத க்ளெப்சியெல்லா வந்தால் என்ன ஆகும் என்று லேப் டாக்டரிடம் கேட்டேன். மெரோபெனத்தையும் உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற என்சைமைப் பற்றி அவர்தான் சொன்னார்: டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவரின் யூரினில், 2008-ல், இதே க்ளெப்சியெல்லாவில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வில் சென்னையும் இருந்தது. அப்படிப்பட்ட கிருமியில் மருந்தை எதிர்க்க வைக்கும் ஜீன் எது என்று பார்க்கும் கார்ட்ரிட்ஜ் டெஸ்ட் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் இந்த லேப்பில் அந்த மெஷின் இல்லை, வெளியே அனுப்புகிறார்கள். வேறெதுவும் கேட்காதபோது கொடுக்கும் கொலிஸ்டின் கேட்குமா என்பதையும் இங்கே பார்ப்பதில்லை. வில்லை வைத்துப் பார்த்தால் அந்த மருந்துக்குத் தப்பான பதில் வரும், அதனால் திரவத்தில் கரைத்துப் பார்க்கும் பெரிய லேப்புக்கு அனுப்புவோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஐசியூவில் ஆள் இருக்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றால் இங்கே வர வேண்டாம், மெஷின் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கவுன்டரில் வேறொரு பையன் "நாளைக்கே ரிப்போர்ட்" என்று சொன்னதை நம்பி புதன்கிழமை வீணாக ஒரு நடை போனேன், போக வர 44 கிலோமீட்டர். அவ்வளவு பொறுமையாக வாயால் விளக்குகிறவர்கள், ரிப்போர்ட்டில் நாலு வரி தமிழில் போட்டால் எவ்வளவு உபயோகமாக இருக்கும், கேட்டதற்கு சாஃப்ட்வேரில் வராது என்றார்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் சாம்பிள் வாங்குவதில்லை.

லிஃப்டும் இல்லை. படி ஏற முடியாதவர்கள் கீழேயிருந்து போன் செய்தால் ஒருவர் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார், பையிலிருந்து பிடித்ததா என்று அங்கேயே கேட்பார்.