லிஃப்ட் போட்ட தாருக்கு டயர்: தேதியை உள்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்கள்

மதுரைப் பக்கம் தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஃபோர் வீல் வண்டிக்கு லிஃப்ட் (பாடியை உயர்த்தும் கிட்) போட்டு வைத்திருப்பவர்கள், டயர் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கள்ளிக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நகரில் ஒரு கடை செய்துகொடுத்த வேலை இது. கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்பவர்கள் வேறு கடைகளிலும் உண்டு.

வண்டி புது மாடல் தார், 2 அங்குல லிஃப்ட். கம்பெனியில் வந்த டயர் 245/75 ஆர்16. அவர் கேட்டது, மழைக்காலத்தில் கரிசலுக்குள் போய்வர வேண்டும், மற்றபடி நாலுவழிச் சாலைதான், எப்போதாவது கொடைக்கானல். கடைக்காரர் சொன்னது: "அண்ணே, லிஃப்ட் போட்டுட்டுச் சின்ன டயர் மாட்டுனா வண்டிக்குக் கெத்தே இல்லண்ணே." மாட்டியது 285/75 ஆர்16 மட் டெரைன் (சேற்றுக்கான டயர்), நாலு. பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்று சொல்லி, வெறும் எஸ்டிமேட் தாளில் 'எம்.டி டயர் 4' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சைஸும் இல்லை, தேதியும் இல்லை.

தேதியில்தான் பெரிய ஏமாற்று. டயரின் சைடுவாலில் (பக்கச் சுவரில்) டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். இந்த டயர்களில் 2119. அதாவது 2019-இன் 21-வது வாரம், மே மாதச் சரக்கு. விற்றது 2025 கடைசியில். பல டயர்களில் முழு வரிசை ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கம் தேதி இருக்காது. வெள்ளை எழுத்து வெளியே தெரிந்தால்தான் அழகு என்று சொல்லித் தேதிப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டார்கள். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள்?

தேயாத டயர் எத்தனை வருடமானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வருடக்கணக்கில் அடுக்கிவைத்த ரப்பர் இறுகிப்போகும். மேலே பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டை) புதுசாகவே இருக்கும். இரண்டு பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தைக் கட்டை விரலால் விரித்துப் பாருங்கள், பட்டனின் அடியில் முடி மாதிரி வெடிப்பு ஓடும். பளபளவென்று பாலிஷ் அடித்திருந்தால் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பாலிஷ் பல கடைகளில் வெடிப்பை மறைக்கத்தான். இந்த வண்டியில் ஒரு டயர் வத்தலக்குண்டுக்கு மேலே மலைப்பாதையில் சைடுவாலில் எலுமிச்சை அளவு வீங்கிவிட்டது. வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது, அந்த டயர் முடிந்தது.

அடுத்து சைஸ். 245/75 ஆர்16-இன் விட்டம் சுமார் 774 மி.மீ., 285/75 ஆர்16 சுமார் 834. வித்தியாசம் 60 மி.மீ., ஏறக்குறைய 8 சதவீதம். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 86-இல் போகும். அதற்கேற்ப இழுவை குறையும், கிளட்ச் கூடுதலாக வாங்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். இத்தனைக்கும் பின் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் அதில் பாதி, 30 மி.மீ. மட்டுமே. லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும், பின் ஆக்ஸிலைத் தூக்காது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே லைனரில் (சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில்) உரசியது. அது பெரும்பாலும் அகலத்தாலும் (245 இருந்த இடத்தில் 285 மி.மீ.) டிஸ்க்கின் ஆஃப்செட்டாலும் (வீல் ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காருகிறது என்பது) வருவது, உயரத்தை மட்டும் கூட்டித் தீராது. கடைக்காரர் 30 மி.மீ. ஸ்பேசர் (ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தகடு) போட்டு டயரை வெளியே தள்ளினார். உள்ளே உரசல் நின்றது, மட்கார்டு ஓரத்தில் தொடங்கியது. வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் சுமை ஏறியதுதான் மிச்சம்.

இவர் சொன்ன ஓட்டத்துக்கு 265/75 ஆர்16 ஆல் டெரைன் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதும், விட்டம் சுமார் 804. அதிலும் முதலில் ஒரே ஒரு டயரை முன்னால் மாட்டி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை மேடேற்றிப் பார்த்த பிறகே மற்றதற்குப் பணம் கொடுங்கள். நனைந்த கரிசல் எந்த டயரிலும் அப்பும். மட் டெரைனின் அகலப் பள்ளமும் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் மண்ணை உதறும். அதே டயர் மழையில் நனைந்த மலை ரோட்டில் ஆல் டெரைன் அளவுக்குப் பிடிக்காது. தினமும் சேற்றுக்குள்ளேயே வேலை என்றால் மட் டெரைன் வாங்குங்கள். மேலூர்ப் பக்கம் குவாரிக் கல்லில் ஓட்டுபவர்கள் பட்டனை விடச் சைடுவாலைப் பாருங்கள், கருங்கல் சில்லு அங்கேதான் வெட்டும்.

ஸ்டெப்னி பழைய சைஸிலேயே விடப்பட்டிருந்தது. தாரில் சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் கியர்) கிடையாது. பஞ்சராகி அந்தச் சின்ன டயரை மாட்டிக்கொண்டு கெட்டித் தரையில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் கியர்) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். இரண்டு மட்டும் புதுசு போதும் என்று சொன்னாலும் இதே ஆபத்துதான். வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள்.

நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். தாரின் பின்பக்கம் ரிஜிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கட்டை), அங்கே திருக எதுவும் இல்லை. முன்பக்கத்துக்குத்தான் லிஃப்ட் போட்ட பிறகு கேம்பர், காஸ்டர், டோ என்ற கோணங்களைப் பார்க்க வேண்டும். அதற்குச் செய்வதற்கு முன் ஒன்று, செய்த பின் ஒன்று என்று இரண்டு பிரிண்ட் கேளுங்கள். இவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

டயர் தரையில் கிடக்கும்போதே ஐந்தின் தேதியையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் படம் எடுங்கள். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) கம்பெனி டயரில் உள்ளதை விடக் குறையக் கூடாது. பில்லில் பிராண்ட், சைஸ், நாலு இலக்கத் தேதி மூன்றும் ஏற வேண்டும். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எஸ்டிமேட் தாளையும் யுபிஐ ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.