மரக்கட்டை வீட்டுத் தொகுப்பு வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

9 லட்சத்து 40 ஆயிரம். அவ்வளவும் போய்விட்டது. சுவர் நிற்கிறதே, கூரை இருக்கிறதே, பணம் போனது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இந்தத் தொகுப்பை எனக்கு விற்றவர்களுடைய கடைசி மின்னஞ்சல் இன்று காலையில்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை. பலரும் கடை விரித்து விற்கும் ஓர் இணையச் சந்தை. அதில் ஒரு கடை. "உங்கள் வீட்டை நீங்களே கட்டுங்கள், மின்கம்பி வராத இடத்திலும் நிம்மதியாக வாழுங்கள்" என்பதுதான் அவர்கள் விளம்பரம். பட்டை உரித்து, ஒரே பருமனுக்குச் சீவி, மூலையில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற மாதிரி வெட்டி, எண் போட்ட கட்டைகள் வரும். வரிசைகளுக்கு நடுவே வைக்கும் நுரைப்பட்டை, நீளத் திருகுகள், வரைபடம் எல்லாம் கூடவே வரும். அதோடு சோலார் பேனல்கள், இன்வெர்ட்டர், பேட்டரி. எல்லாம் சேர்த்து ஒரே விலை. சூளையில் உலர்த்திய மரம், ஈரம் 16 சதவீதம் என்று முத்திரை குத்திய சான்றிதழும் உண்டு.

அந்த 16 என்ற எண்ணுக்காகத்தான் நான் இந்தக் கடைக்கே போனேன். கட்டைகளைப் படுக்கை வசத்தில் அடுக்கிக் கட்டும் வீட்டில் மரத்தின் ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கட்டை மேல் கட்டையாக ஏற்றிய சுவரில் ஒவ்வொரு கட்டையும் கொஞ்சம் இளைத்தால் மொத்தச் சுவரும் கீழே இறங்கும். 19 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அதைப் பச்சை மரம் என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். பச்சை மரத்தில் கட்டுகிறவர்கள் சுவர் உயரத்தில் 6 சதவீதம் வரை இறங்கும் என்று வைத்துக்கொண்டே கட்டுவார்கள். இரண்டரை மீட்டர் சுவர் என்றால் 15 சென்டிமீட்டர். அதற்கேற்ப ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே இடைவெளி விட்டு, தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்க அதைத் தளர்த்திக்கொண்டே வருவார்கள். தெரிந்து செய்தால் அதுவும் நல்ல முறைதான். ஆனால் இவர்கள் அனுப்பிய வரைபடம் உலர்ந்த மரத்துக்கானது. ஜன்னலுக்கு மேலே விட்ட இடைவெளி 3 சென்டிமீட்டர். ஜாக்கி என்ற பேச்சே அதில் இல்லை.

எப்படி நம்பினேன் என்று கேட்கிறீர்களா? இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பணம் கட்டும் முன் மரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். உடனே வீடியோ அழைப்பில் வந்தார் அந்தக் கடைக்காரர். கொட்டகை முழுக்க நடந்து காட்டினார். ஒரு கட்டையைச் சுத்தியால் தட்டி, "சத்தம் கேளுங்கள் மேடம், கணீர் என்று இருக்கிறதா?" என்றார். அப்புறம் ஈரம் அளக்கும் மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் கட்டையில் அழுத்தி, திரையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். 16. நான் இன்னொரு கட்டையைக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார். 15. மூன்றாவதிலும் 16. எல்லாம் முடிந்ததும் அவரே எனக்கு அறிவுரை சொன்னார்: "மீட்டர் வைத்துக் காட்டாதவர்களிடம் மரம் வாங்காதீர்கள் மேடம், ஏமாற்றிவிடுவார்கள்." அன்று மாலையே 9 லட்சத்து 40 ஆயிரத்தையும் கட்டினேன்.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. அதில்தான் தந்திரமே இருக்கிறது. அந்த ஊசிகளின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஊசி தொடுகிற இடத்து ஈரத்தைத்தான் மீட்டர் காட்டும். 25 சென்டிமீட்டர் பருமனுள்ள கட்டையைக் கொஞ்ச காலம் சூடான கொட்டகையில் போட்டு வைத்தால் மேல்தோல் காய்ந்துவிடும், தட்டினால் சத்தமும் வரும், நடு மரம் மட்டும் பச்சையாகவே இருக்கும். மரம் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

சரக்கு வந்து இறங்கியது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் சில கட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சை. நன்றாக உலர்ந்த மரத்தில் சாதாரணமாகப் பூஞ்சை வளராது. அன்றே படம் எடுத்து அனுப்பினேன். "வழியில் மழைத் துளி பட்டிருக்கும் மேடம், துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்" என்று பதில் வந்தது. துடைத்தோம், ஏற்றினோம். வேலைக்கு ஆள் வைக்கவில்லை. நானும் கணவரும் அவருடைய தம்பியும்தான் எல்லாவற்றையும் தூக்கினோம். ஒவ்வொரு மூலையும் வரைபடத்தில் உள்ளபடி கச்சிதமாக உட்கார்ந்தது. கூரை போட்டு முடித்த அன்று எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதையும்தான் இவர்கள் கெடுத்துவிட்டார்கள்.

முதலில் பின்கதவு இறுகியது. சீவிச் சரிசெய்தோம், மறுபடி இறுகியது. அப்புறம் ஒரு ஜன்னல் கண்ணாடி விளிம்பிலிருந்து கீறல் விட்டது. 3 சென்டிமீட்டர் இடைவெளி முழுவதும் தீர்ந்து, மேல் கட்டை ஜன்னல் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நடுவில் கூரையைத் தாங்கும் செங்குத்துத் தூண் நீளத்தில் சுருங்காது. சுற்றுச் சுவர்கள் இறங்கிவிட்டன, தூண் இறங்கவில்லை. இப்போது கூரையின் நடுப்பகுதி தூணின் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்துச் சுவரில் மேல் வரிசைகளுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து. காற்று, பூச்சி, சாரல் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன.

மீதியிருந்த ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தோம். ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு வில்லை எடுத்தோம். நடுப்பகுதியைத் தொட்டாலே சில்லென்று இருந்தது. எடை 812 கிராம். அதை நாலாகப் பிளந்து, 103 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்து, இனிமேல் எடை குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்தோம். 560 கிராம். போன தண்ணீர் 252 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரம் 45 சதவீதம். சான்றிதழில் 16. சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்கும். அப்படியென்றால் இதுவரை நாங்கள் பார்த்த சேதமெல்லாம் மேல்பகுதி காய்ந்ததால் மட்டும் வந்தது. உள்மரம் இனிமேல்தான் சுருங்கப் போகிறது.

அளவு, படம், கணக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். "மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் மேடம், அதுதான் அதன் அழகு" என்று முதல் பதில். நான் வெடிப்பைப் பற்றிப் பேசவே இல்லை! இரண்டாவது முறை, "வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்." ஓவனில் எடை போட்டுக் கணக்குப் பார்த்தது நான், புரிய வேண்டியது சாருக்காம். கணவர் பேசினார். அவரிடம் "தொழில்நுட்பக் குழு கூப்பிடும்" என்றார்கள். எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு செய்தி போனால் படித்ததற்கான குறி மட்டும் விழும், பதில் வராது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பார்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள்.

இன்று காலை வந்த மின்னஞ்சல் இதுதான்: பயிற்சி பெற்ற ஆட்கள் கட்டாமல் வாங்கியவரே கட்டியதால் உத்தரவாதம் செல்லாது. "நீங்களே கட்டுங்கள்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் போட்டு விற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் இதை.

சந்தைத் தளத்திடம் போனால் அவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். சரக்கு கைக்கு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். மரம் காய்ந்து சுவர் இறங்க மாதக்கணக்கில் ஆகும். சட்டை அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவதற்கு வைத்த விதியை ஒரு வீட்டுக்கு வைத்திருக்கிறார்கள். 9 லட்சத்து 40 ஆயிரம் வாங்கும்போது அந்தத் தளத்துக்கும் அதில் பங்கு போயிருக்கும் அல்லவா?

பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒட்டியிருந்தது. பெருக்கினால் 2560 வாட் மணி. இன்வெர்ட்டரில் போகிற நஷ்டத்தைக் கழித்தாலும் 100 வாட் சுமையை 20 மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்து, அந்த அளவு விளக்குகளை மட்டும் போட்டுப் பார்த்தேன். 11 மணி நேரத்தில் அணைந்தது. எடை போட்டால் 13 கிலோ. இந்த வகையில் 200 ஆம்பியர் மணி பேட்டரி சாதாரணமாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 200 என்று ஸ்டிக்கர். மின்கம்பி இல்லாத வீட்டில் பாதி பேட்டரி என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மாலையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் நள்ளிரவுக்குள் எல்லாம் அணைந்துவிடும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கூரையைத் தூக்கி, தூணைக் குறைத்து ஜாக்கி வைக்க ஆள் வந்து நிற்கிறார், அதற்குத் தனிச் செலவு. அதனால் சுருக்கமாக. மீட்டர் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னே ஒரு கட்டையை நடுவில் அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தின் மையத்தில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். சுவர் எவ்வளவு இறங்கும், ஜன்னலுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதத்தில் "வாங்கியவரே கட்டினாலும் செல்லும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்காமல் அனுப்ப மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். புகார் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு கட்டையை அறுத்துவிடுங்கள், போனால் ஒரு கட்டை. பேட்டரி வந்த அன்றே எடை போடுங்கள், சுமை வைத்து நேரம் பாருங்கள்.

இதே மாதிரி 16 சதவீதச் சான்றிதழ் வேறு யாருக்காவது வந்திருந்தால், கட்டையில் உள்ள எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.