கொச்சி வொண்டர்லாவா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரா?

முழுப்பரீட்சை முடிந்ததும் கோவையில் பாதி வீடுகளில் இந்த இரண்டு தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்களில் எதற்குப் போவது என்ற பேச்சு எழும். எங்கள் வீட்டில் இந்த முறை பிளாக் தண்டர் என்று முடிவாகி, போயும் வந்தாயிற்று. போனது நான், மனைவி, பத்து வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன், கூடவே என் அம்மா. இந்தக் குடும்பக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். கல்லூரிப் பையன்கள் கும்பலாகக் கிளம்புவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொச்சிக்கு வண்டி ஏறலாம், மேலே படிக்கவே வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அலைக்குளம், சறுக்குகள், பொடிசுகளுக்கான ஆழமில்லாத குளம், தண்ணீர் இல்லாத ராட்டினங்கள் எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. கட்டுச்சோற்றை இரண்டு இடத்திலும் உள்ளே விடமாட்டார்கள். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க முடியாது. நூல் பிரிந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். நைலான் டி-ஷர்ட்டும் கால்சட்டையும் ஊரிலேயே வாங்கிவிட்டால் செலவு குறையும்.

இனி வொண்டர்லா. வி-கார்டு ஸ்டெபிலைசர் நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் காக்கநாடு பக்கம் பள்ளிக்கரையில் ஆரம்பித்தது. அப்போது பெயர் வீகாலாந்து. எங்கள் மாமாவுக்கு இன்றும் அது வீகாலாந்துதான். அப்புறம் அதே குழுமம் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் திறந்தது. பராமரிப்பு, வரிசை ஒழுங்கு, பெரிய ரைடுகளின் தரம் என்று மதிப்பெண் போட்டால் என் ஓட்டு வொண்டர்லாவுக்கே. ஆனால் நான் அங்கே போனது கல்யாணத்துக்கு முன்பு, நண்பர்களோடு. குழந்தைகள் பகுதி எப்படி என்பதில் தங்கை குடும்பம் போய்வந்து சொன்னதுதான் எனக்கு ஆதாரம். அவர்களுக்குத் திருப்திதான்.

பிறகு ஏன் மேட்டுப்பாளையம்? சாலைதான் காரணம்.

கோவையிலிருந்து பிளாக் தண்டர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கொச்சிப் பூங்காவோ 180-க்குக் குறையாது. தூரம் அதிகம் என்பது யாருக்கும் தெரியும், ஆனால் அந்தத் தூரம் நாளின் எந்தப் பகுதியைத் தின்கிறது என்று பாருங்கள். வாளையாறு, பாலக்காடு, குதிரான் சுரங்கப்பாதை, திருச்சூர், அங்கமாலி, ஆலுவா. சுரங்கப்பாதை வந்த பிறகு குதிரான் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்வது போய்விட்டது, உண்மை. ஆனாலும் திருச்சூர் தாண்டிய பிறகு நெரிசல் எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு இட்லி ஊட்ட ஓரிடம், வாந்தி எடுக்க ஓரிடம் என்று நிறுத்தி நிறுத்திப் போனால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். விடியற்காலை ஐந்துக்கே கிளம்பினால்தான் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். தூக்கம் கெட்ட ஆறு வயதுப் பையன் மதியம் இரண்டு மணிக்கு எந்த மனநிலையில் இருப்பான் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்புவது அதைவிட வம்பு. தண்ணீரில் ஆடிய உடம்பு சாயங்காலம் அடித்துப்போட்ட மாதிரி கிடக்கும். வண்டி ஓட்ட வேண்டியவனும் சேர்ந்து ஆடியவன்தானே! அந்த அசதியோடு ராத்திரி நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆக, கொச்சி என்றால் ஒரு ராத்திரி தங்கியே ஆகவேண்டும். ஐந்து பேருக்கு அறை, இரண்டு வேளைச் சாப்பாடு கூடுதல், போக வர டீசல், டோல். நுழைவுச்சீட்டு விலையை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ரயிலில் ஆலுவா போய் அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். ஓட்டும் அலுப்பு மிச்சம், தங்கும் செலவு அப்படியேதான்.

இவ்வளவு செலவழித்துப் போய்ச் சேர்ந்தால் உயர அளவுகோல் நிற்கிறது. வொண்டர்லாவில் திகிலான ரைடுகளுக்கு 140 செ.மீ. கேட்கிறார்கள். பெரியவள் அதைத் தொட இன்னும் கொஞ்சம் வேண்டும், சின்னவன் பேச்சே இல்லை. எந்த ரைடுகளுக்காக அந்த இடம் பேர் வாங்கியதோ அவற்றில் எங்கள் பிள்ளைகள் ஏற முடியாது. பிளாக் தண்டரிலும் உயரக் கட்டுப்பாடு உண்டுதான். ஆனால் அலைக்குளத்தில் கிடந்து ஊறுவதற்கு 40 கிலோமீட்டர் போவது வேறு, 180 கிலோமீட்டர் போவது வேறு.

மேட்டுப்பாளையத்தில் எங்கள் நாள் நிதானமாகப் போனது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். திறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் தண்ணீரில். அம்மா சேலைதான், இறங்கவில்லை. நிழலில் உட்கார்ந்து நீலகிரி மலையையும் பேரன் போடும் கூத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொச்சியானாலும் அவர் உட்கார்ந்துதான் இருந்திருப்பார், ஆனால் அந்த ராத்திரியே தன் கட்டிலில் படுத்திருக்க முடியாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. வண்டி இல்லாதவர்களுக்கும் கவலையில்லை, ஊட்டிப் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது.

சிக்கல் இல்லாமலும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கோவைப் பக்கமிருந்து ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் போகும் கூட்டம் மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினால் நான் சொன்ன தூரக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். கூட ஒரு நாள் ஊட்டியைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் மலையடிவாரத்துக் காலை நேரத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், சின்னப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடுவார்கள்.

கொச்சிக்கே போவது என்று முடிவெடுத்தவர்கள் ஜூன், ஜூலையைத் தவிர்ப்பது நல்லது. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரம் அது. ஓணத்துக்கும் ஊரே கிளம்பிவிடும், அந்த வாரமும் வேண்டாம். ஏதாவதொரு வாரநாளில் போய், மறுநாள் ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளையும் படகுத் துறையையும் காட்டிவிட்டு வந்தால் தங்கிய செலவுக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.