பள்ளி ரோபாட்டிக்ஸ் லீக்: வெக்ஸா, எஃப்.டி.சி.யா, இல்லை நாமே வகுக்கும் சுமோவா?

ஏழெட்டுப் பள்ளிகள் சேர்ந்து உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு ரோபாட்டிக்ஸ் லீக் தொடங்கலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே "எந்த கிட் வாங்குவது?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும் (கிட் என்றால் ரோபோ செய்யத் தேவையான பாகங்களின் தொகுப்பு). நான் கலந்துகொண்ட இரண்டு கூட்டங்களிலும் அப்படித்தான் நடந்தது. பாதி நாளை கிட் பேச்சே தின்றுவிட்டது. ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் எத்தனை முறை களத்தில் இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஒருநாள் போட்டியில் ஒரு செயின் கழன்றால் ஆறு மாத உழைப்பு அன்றோடு முடிந்தது. லீக் அப்படி இல்லை. இன்று தோற்கலாம், ரோபோவின் கையைப் பிரித்துத் திருத்தலாம், மூன்று வாரம் கழித்து அதே எதிரணியைத் திரும்பச் சந்திக்கலாம். அந்த மூன்று வாரத்தில்தான் பிள்ளைகள் பொறியியல் கற்கிறார்கள். எனவே கீழே உள்ள எல்லாவற்றையும் அந்த ஓர் அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறேன்.

பெரியதை முதலில் ஒதுக்கிவிடலாம்

மாணவர்களுக்கு ரோபோ போட்டிகள் நடத்த டீன் கேமன் 1989ல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் மூத்த பிள்ளை, ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன், சுருக்கமாக எஃப்.ஆர்.சி. 1992ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு தொடங்கியது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஐம்பது கிலோ அளவுக்கு எடையுள்ள ரோபோக்கள், மூன்று ரோபோக்களின் கூட்டணிக்கு எதிராக இன்னொரு மூன்று, ஏறக்குறைய 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட களம். ஆனால் எட்டு அணிகள் மட்டுமே உள்ள லீக்கில் ஆறு ரோபோக்கள் எப்போதும் களத்தில் இருக்கும். பழுது பார்க்க நேரம் எங்கே? பேட்டரி சார்ஜ் ஏறுவது எப்போது? அந்தக் களத்தை யார் வீட்டில் வைப்பது? தொடக்க லீக்குக்கு இது வேண்டாம். ஐந்தாவது ஆண்டில் யோசிக்கலாம்.

இரட்டையர் போலத் தெரியும் இருவர்

உண்மையான போட்டி, வெக்ஸ் நிறுவனத்தின் பாகங்களை வைத்து ஆடும் வெக்ஸ் வி5க்கும், அதே ஃபர்ஸ்ட் அமைப்பின் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சுக்கும் (எஃப்.டி.சி.) இடையில்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டுக்கும் 12 அடிச் சதுரக் களம். இரண்டிலும் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கித்தான் தொடங்க வேண்டும். இரண்டிலும் இரண்டுக்கு இரண்டு கூட்டணி. இந்த ஒற்றுமைக்குக் காரணமும் உண்டு: எஃப்.டி.சி. பிறந்ததே 'ஃபர்ஸ்ட் வெக்ஸ் சேலஞ்ச்' என்ற பெயரில், 2005 வாக்கில், வெக்ஸ் கிட்டை வைத்துத்தான். பிறகு தனித்தனி வழி போய்விட்டார்கள்.

எங்கே பிரிகிறார்கள்? பொருள்களில். வெக்ஸில் ஏறக்குறைய எல்லாமே ஒரே நிறுவனத்தின் பாகங்கள். துளையிட்ட உலோகப் பட்டை, அதே மோட்டார், ரோபோவை இயக்கும் சின்னக் கணினியான அதே 'பிரெய்ன்'. மோட்டாருக்குள் போடும் கியர் கார்ட்ரிட்ஜை மாற்றினால் நிமிடத்துக்கு 100, 200, 600 சுழற்சி என்ற வேகங்களில் ஒன்று கிடைக்கும். 3டி அச்சில் எடுத்த பாகத்தை அலங்காரத்துக்கு ஒட்டலாம், வேலை செய்ய வைக்க முடியாது. எஃப்.டி.சி.யில் கதவு திறந்தே கிடக்கிறது: பல நிறுவனப் பாகங்களைக் கலக்கலாம், அலுமினியத் தகடு வெட்டலாம், 3டி அச்சில் கியர் எடுக்கலாம்.

கேட்டவுடன் எஃப்.டி.சி. பக்கம் மனம் சாயும், எனக்கும் சாய்ந்தது. ஆனால் லீக் நடத்துபவர் கண்ணால் பாருங்கள். திறந்த கதவு வழியாக முதலில் நுழைவது, பட்டறையும் 3டி பிரிண்டரும் உள்ள பள்ளி. மற்றவர்கள் முதல் சந்திப்பிலேயே மனம் உடைந்து போவார்கள். வெக்ஸின் கட்டுப்பாடு அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. இரண்டாம் சீசனில் பாகங்களைப் பிரித்து மறுபடி பூட்டலாம் என்பதும் சின்ன லாபம் இல்லை. மறுபக்கம், நிஜமான இயந்திர வடிவமைப்பு, கணினியில் வரைதல் (CAD), வெட்டுதல், பொருத்துதல் என்று போக விரும்பும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வெக்ஸ் ஒரு கட்டத்தில் சட்டை இறுகின மாதிரி இருக்கும். அதுவும் உண்மை.

நிரல் எழுதுவதில் பெரிய சண்டை இல்லை. வெக்ஸில் பிளாக் (கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கும் முறை), பைதான், சி++. எஃப்.டி.சி.யில் பிளாக், ஜாவா. பைதான் தெரிந்த ஆசிரியர்கள் அதிகம் என்றால் வெக்ஸ் சுலபம், அவ்வளவுதான். ஆட்டத்தின் அமைப்பில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: வெக்ஸ் மேட்சில் ரோபோ தானாக இயங்கும் பகுதி 15 விநாடி, எஃப்.டி.சி.யில் 30 விநாடி. கேட்க அற்பம்தான். ஆனால் சென்சார் வைத்துச் சிந்திக்கும் பிள்ளைக்கு அந்த இரட்டிப்பு நேரம் பெரிய மைதானம்.

சரி, என் அளவுகோலுக்கு வருவோம்: எத்தனை முறை களம் இறங்குவார்கள்? இரண்டிலுமே லீக் வடிவம் அதிகாரபூர்வமாக இருக்கிறது. எஃப்.டி.சி.யில் 'லீக் மீட்' என்று சின்னச் சின்னச் சந்திப்புகள் நடத்தி, அங்கே எடுத்த நல்ல மேட்ச்களின் புள்ளிகளைக் கடைசி லீக் போட்டிக்குள் கொண்டு போவார்கள். மீட்டில் மதிப்பீட்டாளர்களின் நேர்காணல், விருது எதுவும் கிடையாது. இது ஏற்பாட்டாளருக்குப் பெரிய வரம், ஏனென்றால் பாதிப் பெரியவர்கள் தேவையில்லாமல் போகிறார்கள். வெக்ஸிலும் ஒரே லீக்கைப் பல அமர்வுகளாகப் பிரித்து, எல்லா அமர்வின் தரவரிசையையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். எட்டு அணிகள், ஒவ்வொன்றும் ஒரு சந்திப்பில் ஐந்து மேட்ச். ஒரு மேட்சில் நான்கு அணி. 8 × 5 ÷ 4 = 10 மேட்ச். ஆட்டம், களம் சரிசெய்தல், புள்ளி எண்ணுதல் எல்லாம் சேர்த்து மேட்சுக்கு எட்டு நிமிடம் வைத்தால் 80 நிமிடம். ஒரே களம் போதும், பாதி நாளில் முடிந்துவிடும். அப்படி நான்கு சந்திப்பு வைத்தால் ஒவ்வொரு அணிக்கும் 20 மேட்ச். ஒருநாள் போட்டியில் இந்த எண்ணிக்கையைக் கனவிலும் பார்க்க முடியாது.

இங்கே வெக்ஸுக்கு ஒரு கூடுதல் புள்ளி தருகிறேன். 'ஸ்கில்ஸ்' என்று தனி ரோபோ ஆட்டம் ஒன்று அவர்களிடம் உண்டு: ஒரு நிமிடம் ஓட்டுநரோடு, ஒரு நிமிடம் முழுக்கத் தானியங்கியாக. மூலையில் ஒரு களம் போட்டு வைத்தால், மேட்ச் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கூட்டணித் தோழன் சரியில்லை என்ற புலம்பலுக்கும் அதுவே மருந்து. ஒரே பள்ளி ஒரே எண்ணின் கீழ் ஏ, பி, சி என்று பல அணிகள் வைத்துக்கொள்வது வெக்ஸில் சர்வ சாதாரணம் என்பதால், மூன்று பள்ளிகளே கிடைத்தாலும் எட்டு அணி தேறிவிடும். எஃப்.டி.சி.யில் ஓர் அணியில் 15 பேர் வரை இருக்கலாம். பெரிய குடும்பம் போல ஓடும், நல்லதுதான். ஆனால் கையில் ஸ்பேனர் பிடிப்பவர்கள் நான்கு பேர், செல்ஃபோன் பார்ப்பவர்கள் ஆறு பேர் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள உறுதியான ஆசிரியர் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி ஒன்று: ஆண்டுதோறும் ஆட்டம் மாறும், களப் பொருள்களைப் புதிதாக வாங்க வேண்டும். வெக்ஸ் புது ஆட்டத்தைச் சீசன் முடிவில் உலகப் போட்டியிலேயே அறிவித்துவிடும், எஃப்.டி.சி. செப்டம்பரில். கையில் காசு இறுக்கமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன்: முதல் ஆண்டு, போன சீசன் ஆட்டத்தையே ஆடுங்கள். பழைய களப் பொருள்கள் ஏற்கெனவே ஆடிய அணிகளிடம் சும்மா கிடக்கும். அடுத்த நிலைப் போட்டிக்குத் தகுதி கிடைக்காது, ஆனால் எல்லாரும் கற்றுக்கொள்ளும் ஆண்டில் அது ஒரு குறையா?

நாமே வகுக்கும் லீக்

வாங்குகிற கிட்டே வேண்டாம் என்றால், எனக்குத் தெரிந்த மிக எளிய வழி மினி சுமோ. ரோபோ 10 செ.மீ. சதுரத்துக்குள், 500 கிராமுக்குள். களம் 77 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டம், ஓரத்தில் 2.5 செ.மீ. வெள்ளைக் கோடு. தொடக்க சமிக்ஞைக்குப் பிறகு 5 விநாடி அசையாமல் நின்று, அப்புறம் எதிரியை வெளியே தள்ள வேண்டும். மூன்று சுற்றில் இரண்டு ஜெயித்தவர் வெற்றி. எட்டு ரோபோக்கள் ஒருவரோடொருவர் மோதினால் 28 மோதல், பலவும் சில விநாடிகளில் முடிந்துவிடும். இரண்டு வட்டப் பலகை இருந்தால் மதியத்துக்குள் வீடு. என் அளவுகோலில் இதை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனால் பலகையை அலட்சியமாகச் செய்யாதீர்கள். நாங்கள் ஒரு முறை பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டோம். அகச்சிவப்பு சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகவே தெரிந்தன. ரோபோக்கள் எல்லாம் ஓரம் வந்துவிட்டதென்று நடு வட்டத்திலேயே பின்வாங்கிக்கொண்டிருந்தன. பளபளப்பில்லாத மேட் கறுப்பு அடித்த பிறகுதான் சண்டையே தொடங்கியது.

சுமோவின் நிஜமான குறை இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். எல்லா ரோபோவும் தரையோடு ஒட்டிய சாய்வுத் தகடாக மாறிவிடும், எதைப் பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கும். பத்து சென்டிமீட்டர் ரோபோவைச் சுற்றி மூன்று தலைக்கு மேல் நுழையாது என்பது இன்னொன்று. எனவே இதை வைத்துக்கொண்டே ஆண்டுக்கு ஒரு விதியை மாற்றுங்கள்: வட்டத்தில் ஒரு பந்தை வையுங்கள், அல்லது எடையைக் குறையுங்கள்.

கடன் கிட் என்பது இன்னொரு மாதிரி. அமெரிக்காவில் 1993ல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்கள் தொடங்கிய 'பெஸ்ட்' போட்டியில், பள்ளிகளுக்குப் பொருள்களை இலவசமாகக் கொடுப்பார்கள். முடிந்ததும் மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிளைவுட், குழாய் போன்றவை பள்ளிக்கே. பணமில்லாத பள்ளி வெளியே நிற்காமல் இருக்க இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. உள்ளூர் லீக் எந்த கிட்டைத் தேர்ந்தாலும், மோட்டார்கள் லீக்கின் சொத்து என்ற இந்த யோசனையைத் திருடிக்கொள்ளலாம்.

உலக ரோபோ ஒலிம்பியாட், ரோபோகப் ஜூனியர் என்ற மாணவர் போட்டிகளும் நல்லவையே, இரண்டிலும் ரிமோட் கிடையாது, எல்லாம் தானியங்கி. ரோபோகப் ஜூனியரின் கால்பந்தில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லு முதல் சக்கரம் வரை பிள்ளைகளே வடிவமைக்கலாம். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் அமரும் பரபரப்பு இல்லாததால், நிரல் எழுதாத பிள்ளைகள் முதல் மாதமே நழுவிவிடுவார்கள். நிரலில் ஊறிய ஐந்தாறு பேருக்கு இவற்றைத் தனியே திறந்துவிடுங்கள்.

நான் எதை எடுப்பேன்

ஐந்து பள்ளிக்கு மேல், கொஞ்சம் நிதி, ஆனால் பட்டறை இல்லாத ஆசிரியர்கள்: வெக்ஸ், நான்கு சந்திப்புகள், மூலையில் ஸ்கில்ஸ் களம். பட்டறையும் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கும் கிடைத்தால் எஃப்.டி.சி. நிதியே இல்லை என்றால் சுமோ, கடன் மோட்டார். எதுவானாலும் முதல் செலவாக இரண்டு நடுவர்களையும் புள்ளி எண்ணுபவர் ஒருவரையும் பயிற்சி கொடுத்துத் தயார் செய்யுங்கள். ஒரு மேட்சில் விதியைப் பற்றித் தகராறு வந்து இருபது நிமிடம் ஓடிப் போனால், மேலே போட்ட 80 நிமிடக் கணக்கெல்லாம் காற்றில் போகும். நடுவர்கள் மாணவர்களின் பெற்றோராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை அந்தப் பாவத்தைச் செய்துவிட்டு ஒரு மாலை முழுக்க மன்னிப்புக் கேட்டுத் திரிந்தேன்.